வீட்டிலிருந்தே சோலார் பரிசோதனை: தொலைநிலை ஆய்வுகூடம் என்றால் என்ன?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கூரையில் சோலார் பூட்டிய வீட்டுக்காரர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பின்னேரம் ஆனதும் போனைத் திறந்து, இன்றைக்கு எத்தனை யூனிட் வந்தது என்று பார்ப்பார்கள். பனலின் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டர் அந்தக் கணக்கை இணையம் வழியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். கொழும்பில் வேலை செய்யும் மகன்கூட, களுவாஞ்சிக்குடியில் அம்மாவின் கூரையில் இந்த நிமிடம் எவ்வளவு மின்சாரம் உற்பத்தியாகிறது என்று சொல்லிவிடலாம்.

தொலைநிலை ஆய்வுகூடத்தை விளங்கிக்கொள்ள இங்கிருந்தே தொடங்கலாம். அந்தச் செயலியில் பார்க்க மட்டும்தான் முடியும். பனலைச் சரிக்கவோ, ஒரு மூலையில் நிழல் விழுத்தவோ, பனலிலிருந்து மின்சாரத்தை இழுக்கும் சுமையைக் கூட்டிக் குறைக்கவோ முடியாது. தூரத்தில் இருக்கும் கருவியை இணையம் வழியாக இயக்கவும் அளக்கவும் முடிந்தால் அது தொலைநிலை ஆய்வுகூடம். பனல் உண்மை, அதில் படும் வெயில் உண்மை, திரையில் வரும் வாசிப்பும் உண்மை. நீங்கள் மட்டும் வேறு ஊரில் இருக்கிறீர்கள்.

"சேர், இது கம்பியூட்டர் கேம் மாதிரித்தானே?" என்று உயர்தரப் பிள்ளைகள் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். இணையத்தில் ஆய்வுகூடம் என்ற பெயரில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை சிமுலேஷன்கள். அங்கே பனல் எதுவும் இல்லை, ஒரு சமன்பாடு இருக்கிறது. வெயிலின் அளவை ஒரு சதுர மீற்றருக்கு 800 வாற்று என்று போட்டால் அது கணக்குப் பார்த்து விடை சொல்லும். நூறு தரம் கேட்டாலும் அதே விடை வரும். பாடத்தைத் தொடங்குவதற்கு அது நல்லது. செலவில்லை, கெட்டுப்போகாது, இரவிலும் வேலை செய்யும். ஆனால் சமன்பாட்டை எழுதியவர் அதற்குள் வைக்காத எதையும் அது உங்களுக்குக் காட்டாது.

உண்மையான பனல் அப்படியில்லை. பத்து நிமிட இடைவெளியில் இரண்டு தரம் அளந்தால் இரண்டு எண் வரும். இடையில் மெல்லிய மேகம் போயிருக்கலாம், காற்று வீசிப் பனல் ஆறியிருக்கலாம், காகம் எச்சம் போட்டிருக்கலாம். சில நேரம் பிள்ளைகள் நம்ப மறுக்கும் வாசிப்புகள் வரும். மேகத்தின் ஓரம் சூரியனை நெருங்கும்போது, நேர் வெயிலும் மேகத்தில் பட்டுச் சிதறும் ஒளியும் சேர்ந்து விழுவதால், தெளிந்த வானத்தில் கிடைப்பதைவிடக் கூடுதலான மின்னோட்டம் சில கணங்களுக்கு ஓடும். மீற்றர் பிழை என்று விட்டுவிடாமல், ஏன் கூடியது என்று ஒரு பிள்ளை தேடத் தொடங்கினால், அந்தப் பரிசோதனை தன் வேலையைச் செய்துவிட்டது.

மறுமுனையில் என்ன இருக்கிறது?

பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. வெயிலில் ஒரு பனல். அதோடு இணைந்து, கட்டளைப்படி தடையை மாற்றும் மின்னணுச் சுமை ஒன்று. வோல்ற்றளவையும் மின்னோட்டத்தையும் அளக்கும் சென்சர்கள், பனலின் முதுகில் ஒட்டிய வெப்பநிலை சென்சர், வெயிலின் அளவைக் காட்டும் கருவி. பனலைச் சரிக்க ஒரு மோட்டர். இவற்றையெல்லாம் ஆட்டுவிக்க ராஸ்பெரி பை போன்ற கைக்குள் அடங்கும் கணினி. பக்கத்தில் ஒரு கமரா. உங்கள் கட்டளையை வாங்கி அந்தச் சின்னக் கணினிக்குக் கொடுத்து, வரும் வாசிப்பைத் திருப்பி அனுப்ப ஒரு சேவர்.

பனல் ஒன்றுதான், கேட்பவர்கள் பலர். அதனால் நேரம் ஒதுக்கும் முறை வேண்டும். உங்களுக்கு ஒரு பத்து நிமிடம் கிடைக்கும், முடிந்ததும் அடுத்தவரிடம் போகும். எல்லை மீறிய கட்டளைகளைக் கணினி ஏற்காது. மோட்டரை 200 பாகைக்குத் திருப்பு என்றால் திருப்பாது. இந்தக் கட்டுப்பாடுதான் பிள்ளைகளுக்குத் துணிச்சலாக முயன்று பார்க்கும் சுதந்திரத்தைக் கொடுக்கிறது. பாடசாலையில் ஒரே ஒரு பனல் இருந்தால், அதை உடைத்துவிடக் கூடாது என்ற பயத்தில் ஆசிரியர் செய்து காட்ட, மற்றவர்கள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதோடு பாடம் முடிந்துவிடும்.

சோலார் பனலின் குணத்தை ஒரே படத்தில் காட்டுவது அதன் மின்னோட்டம், வோல்ற்றளவு வரைபு. புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

60 கலங்கள், அதாவது மின்சாரம் தரும் சின்னச் சதுரங்கள், கொண்ட ஒரு பனலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளையும் எதிலும் இணைக்காமல் விட்டால், நல்ல வெயிலில் சுமார் 38 வோல்ற்று காட்டும். மின்னோட்டம் பூச்சியம். இரண்டு முனைகளையும் நேரே ஒன்றோடொன்று இணைத்தால் சுமார் 9 அம்பியர் ஓடும். அப்போது வோல்ற்றளவு பூச்சியம். பற்றரியைக் குறுஞ்சுற்றாக்கினால் ஆபத்து, பனலில் அப்படியில்லை. அதால் இதற்கு மேல் ஓட்டத்தைத் தர முடியாது. இந்த இரண்டு நிலையிலும் கிடைக்கும் வலு பூச்சியம்தான், ஏனென்றால் வலு என்பது இரண்டின் பெருக்கம். இடையில் எங்கோ ஓரிடத்தில் அந்தப் பெருக்கம் உச்சத்துக்குப் போகும். இந்தப் பனலில் ஏறக்குறைய 31 வோல்ற்றும் 8.5 அம்பியரும் இருக்கும் இடம் அது; 260 வாற்றுக்குக் கொஞ்சம் மேல். அதை உச்ச வலுப் புள்ளி என்பார்கள். உங்கள் கூரை இன்வேட்டர் நாள் முழுக்க இந்தப் புள்ளியைத் தேடிப் பிடித்து அதிலேயே நிற்கப் பார்க்கிறது.

வகுப்பில் இதை ஒரு மாறும் தடை, அம்பியர்மானி, வோல்ற்றுமானி வைத்துச் செய்யலாம். ஒவ்வொன்றாக வாசித்து எழுதி முடிப்பதற்குள் மேகம் வந்துவிடும். முதல் புள்ளி ஒரு வெயிலில், கடைசிப் புள்ளி வேறொரு வெயிலில் என்றாகும். தொலைநிலை ஆய்வுகூடத்தில் கணினியே சுமையை மாற்றி, ஒரு செக்கனுக்குள் நூறு புள்ளிகளை எடுத்துவிடும். அதற்குள் வெயில் பெரிதாக மாறாது.

இனி நிழல். எங்கள் ஊரில் சோலார் என்றால் தென்னை மரத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது. பின்னேரம் நாலு மணிக்கு ஒரே ஒரு ஓலையின் நிழல் பனலின் ஓரத்தில் விழும். 'இவ்வளவு சின்ன நிழலால் என்ன வந்துவிடும்' என்று வீட்டுக்காரர் நினைப்பார். பரிசோதனையில் மோட்டர் ஒன்று ஒரு கடதாசி மட்டைத் துண்டைத் தள்ளிக்கொண்டு போய் ஒரே ஒரு கலத்தை மூடும். நீங்கள் 'அள' என்ற பொத்தானை அழுத்துகிறீர்கள். சற்று முன் தட்டையாகப் போய்க் கடைசியில் விழுந்த வரைபு, இப்போது 24 வோல்ற்றை நெருங்கும்போதே படிபோல் இறங்குகிறது. உச்ச வலு 260 இலிருந்து சுமார் 170 வாற்றுக்கு வந்துவிட்டது.

மூடியது பனலின் 60 இல் ஒரு பங்கு. போனது மூன்றில் ஒரு பங்கு. ஏன்?

60 கலங்களும் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. கிணற்றிலிருந்து வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றும்போது ஒருவர் மெதுவானால் வரிசை முழுவதும் மெதுவாவது போல, நிழல் விழுந்த கலம் எல்லாவற்றின் ஓட்டத்தையும் தடுக்கும். அதோடு அந்தக் கலம் மற்றவை தரும் வலுவை வாங்கிச் சூடேறிக் கருகவும் கூடும். இதைத் தவிர்க்க, பனலின் முதுகில் உள்ள கறுப்புப் பெட்டிக்குள் வழக்கமாக மூன்று பைபாஸ் டயோட்கள் வைப்பார்கள். 20 கலங்களுக்கு ஒன்று. ஒரு கலம் மறைந்தால் அதன் டயோட் திறந்து, அந்த 20 கலங்களையும் விட்டுவிட்டு ஓட்டத்தைச் சுற்றி அனுப்பும். பனல் தப்பும், ஆனால் மூன்றில் ஒரு பங்கு வோல்ற்றளவு போய்விடும். திரையில் கண்ட அந்தப் படி, டயோட் வேலை செய்வதன் அடையாளம். புதிய பனல்களில் கலங்களைப் பாதியாக வெட்டி, மேல் பாதி கீழ் பாதி என இரண்டாக இணைப்பதால் இந்த இழப்பு குறைகிறது, அடிப்படை மாறவில்லை.

இதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை மனப்பாடம் செய்யும். தானே மட்டையைத் தள்ளி வரைபு இறங்குவதைப் பார்த்தால், அடுத்த நாள் தன் வீட்டுக் கூரையில் நிழல் எந்த நேரம் எங்கே விழுகிறது என்று பார்க்கத் தொடங்கும். எனக்கு இந்த ஒரு பரிசோதனைக்காகவே தொலைநிலை ஆய்வுகூடம் வேண்டும்.

சூடும் முக்கியம். பனலின் பின்னால் ஒட்டியிருக்கும் விபரங்கள், கலத்தின் வெப்பநிலை 25 பாகையாகவும் வெயில் ஒரு சதுர மீற்றருக்கு 1000 வாற்றாகவும் இருக்கும்போது எடுக்கப்பட்டவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் பகுதியில் மதிய வெப்பநிலை 33 பாகையைத் தாண்டும். முழு வெயிலில் பனல் காற்றைவிடச் சுமார் 30 பாகை கூடுதலாகச் சூடேறும். அப்படியென்றால் கலம் 60 பாகைக்கு மேல். சிலிக்கன் பனல்களில் ஒவ்வொரு பாகைக்கும் வலு 0.3 இலிருந்து 0.45 சதவீதம் வரை குறைவதால், விளம்பரத்தில் உள்ள வலுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அந்த நேரத்தில் குறைந்துவிடும். பனலில் கோளாறு என்று கடைக்காரரோடு சண்டை பிடிக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

இது எங்கே தொடங்கியது?

1998 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஹெசூஸ் டெல் அலமோ, டிரான்சிஸ்டர்களை மாணவர்கள் இணையம் வழியாக அளக்கும் ஒரு ஆய்வுகூடத்தைத் தொடங்கினார். அது ஐலேப் என்ற பெயரில் வளர்ந்தது. சுவீடனின் பிளேக்கிங்கே தொழில்நுட்பக் கழகமும் ஸ்பெயினின் பில்பாவோவில் உள்ள டியூஸ்தோ பல்கலைக்கழகமும் இதில் நீண்ட காலமாக உழைக்கின்றன. பக்கத்தில் கேரளத்தில் அமிர்தா பல்கலைக்கழகத்தினர் சூரியக் கலத்தையே தூரத்திலிருந்து இயக்கும் ஆய்வுகூடம் ஒன்றை அமைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஐலேப்பின் ஆபிரிக்கக் கதை. உகண்டாவின் மக்கரரே, தன்சானியாவின் தாருஸ்ஸலாம், நைஜீரியாவின் ஒபாபெமி அவொலோவோ பல்கலைக்கழகங்கள் முதலில் எம்.ஐ.டி.யின் கருவிகளைத் தூரத்திலிருந்து பாவித்தன. பிறகு, அங்குள்ள மாணவர்களும் ஆசிரியர்களும் தங்களுக்கான ஆய்வுகூடங்களைத் தாங்களே உருவாக்கத் தொடங்கினார்கள்.

நேர வித்தியாசமும் ஒரு வசதி. ரியூசன் முடிந்து பிள்ளை வீட்டுக்கு வரும்போது மணி ஏழு, இங்கே இருட்டிவிட்டது. குளிர்காலத்தில் ஸ்பெயினில் அப்போது பிற்பகல் இரண்டரை. அங்குள்ள பனலில் இன்னும் வெயில் இருக்கிறது. டிசம்பர் 21 மதியம் பில்பாவோவில் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகை உயரத்தில்தான் நிற்கும். அதே நாள் மட்டக்களப்பில் 59 பாகை. அங்கே ஏன் பனலை அவ்வளவு செங்குத்தாக வைக்கிறார்கள், இங்கே ஏன் கூரையோடு கூரையாகப் படுக்கவைக்கிறோம் என்பது இரண்டு பனலையும் அளந்தால் கேட்காமலே விளங்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7.7 பாகையில் இருக்கிறோம். சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்பும், திரும்பச் செப்டெம்பர் தொடக்கத்திலும் மதியச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்குப் பக்கம் நிற்கும்.

இணையம் மெதுவாக இருந்தால்?

இதுதான் நம் பிரச்சினை. படுவான்கரையின் உட்கிராமங்களிலும் வாகரைப் பக்கத்திலும் இருக்கும் பிள்ளைக்குக் கமரா வீடியோ ஓடுமா, அதற்கு டேட்டா யார் போடுவது என்று கேட்கத்தான் வேண்டும்.

தொலைநிலை ஆய்வுகூடங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று நேரடி வகை: நீங்கள் பொத்தானை அழுத்த மோட்டர் அசையும், வீடியோவில் பார்ப்பீர்கள். இதற்குத் தடங்கல் இல்லாத இணைப்பு வேண்டும். மற்றது கட்டளைப் படிவ வகை. பனலை 10 பாகை சரி, ஒரு கலத்தை மூடு, நூறு புள்ளிகள் எடு என்று படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம். முறை வரும்போது கருவி செய்து முடித்து வாசிப்புகளை வைத்திருக்கும். நூறு புள்ளிகள் என்பது வெறும் எண்கள்; ஒரு வாட்ஸ்அப் படத்தைவிடப் பல மடங்கு சிறியது. கூடவே, செய்தபோது எடுத்த ஒரு நிழற்படத்தையும் அனுப்பினால், அங்கே உண்மையாகவே ஒரு பனல் இருக்கிறது என்ற நம்பிக்கை பிள்ளைக்கு வரும். நம் பகுதிக்கு இரண்டாவது வகைதான் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். கரண்ட் போனாலும் படிவம் வரிசையில் காத்திருக்கும். 2022 இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டோடு படித்த பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியும்.

தொலைநிலை ஆய்வுகூடத்தால் கற்பிக்க முடியாதவையும் உண்டு. வயரின் தோலை உரித்துக் கனெக்டரை இறுக்கமாக நசுக்கிப் பூட்டுவது, தகரக் கூரையிலும் ஓட்டுக் கூரையிலும் பாதுகாப்பாக ஏறி நிற்பது, நிலத்தொடுப்பு சரியா என்று பார்ப்பது எல்லாம் கையால்தான் வரும். தொடராக இணைத்த பனல்களில் சில நூறு வோல்ற்று நேரோட்ட மின்சாரம் ஓடும்போது இணைப்பைப் பிடுங்கினால் தீப்பொறி பறக்கும். அந்த எச்சரிக்கை உணர்வைத் திரை தராது. சாதாரண ஆய்வுகூடத்தோடு ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில், கருத்தை விளங்கிக்கொள்வதில் தொலைநிலையில் படித்தவர்கள் பின்தங்கவில்லை. கைத்திறன் வேறு கணக்கு. தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு வாரம் கைப்பயிற்சிக்குப் போகும் பிள்ளை, அதற்கு முன் வரைபுகளை இப்படிப் பழகிவிட்டுப் போனால், அந்த ஒரு வாரம் முழுவதும் கைவேலைக்கே மிஞ்சும்.

இங்கே ஒன்று வேண்டும்

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்தேவை குறைந்திருந்ததால், பகலில் கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை வீட்டுக்காரர்களைக் கேட்டது. பனலைப் பூட்டத் தெரிந்தவர்கள் மட்டும் போதாது, அது எப்போது எவ்வளவு தரும் என்று விளங்கியவர்களும் நமக்கு வேண்டும். 2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தபிறகு அதைப் படிக்க விரும்பும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் பொறியியல் பீடத்தோடு தென்கிழக்குப் பல்கலைக்கழகம் என இரண்டு இடம் இருக்கிறது. அடுத்தவர் நாட்டுப் பனலைப் பாவிப்பது தொடக்கம்தான். கடலோர உப்புக்காற்று, கச்சான் கால வெக்கை, மாரி மேகம் எல்லாம் படும் ஒரு பனல் இங்கேயே இருந்தால், ஸ்பெயின் மாணவரும் அதை அளக்க வரிசையில் நிற்பார்.

சின்னதாக ஒரு பாடசாலையே தொடங்கலாம். 20 வாற்று பனல் ஒன்று போதும். விலை கூடிய மின்னணுச் சுமைக்குப் பதிலாக, மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கொள்ளளவியை (கப்பாசிற்றர்) வைக்கலாம். காலியான கொள்ளளவியைப் பனலோடு இணைத்த கணத்தில் அது குறுஞ்சுற்றுப் போல நடக்கும். நிரம்ப நிரம்ப வோல்ற்றளவு ஏறும். நிரம்பியதும் ஓட்டம் நின்றுவிடும். பூச்சியத்திலிருந்து 21 வோல்ற்று வரை முழு வரைபும் தானாக வந்துவிடும். 4700 மைக்ரோபரட் கொள்ளளவி நல்ல வெயிலில் பத்தில் ஒரு செக்கனுக்குள் நிரம்பும், அதற்குள் சென்சர் பல பத்து வாசிப்புகளை எடுத்துவிடும். அடுத்த முறைக்கு முன் ஒரு தடை வழியாக அதை வெறுமையாக்க வேண்டும், மறந்தால் வரைபு பாதியிலிருந்து தொடங்கும். வெயிலை அளக்கும் கருவி விலை கூட. பதிலுக்கு இன்னொரு சின்னப் பனலின் குறுஞ்சுற்று ஓட்டத்தை அளந்தால் போதும், அது வெயிலுக்கு ஏற்ப நேர்விகிதத்தில் கூடிக் குறையும். கணினிக்கும் ரவுட்டருக்கும் ஒரு சிறு பற்றரி வையுங்கள். சின்னக் கணினி தானே வெளியே உள்ள சேவரைத் தொடர்புகொண்டு 'எனக்கு ஏதும் வேலை உண்டா' என்று கேட்கும்படி எழுதினால், பாடசாலையின் சாதாரண இணைப்பே போதும்.

ஒவ்வொரு வாசிப்போடும் திகதி, நேரம், பனலின் வெப்பநிலை, கடைசியாகப் பனலைக் கழுவிய நாள் ஆகிய நான்கையும் முதல் நாளிலிருந்தே பதிந்து வையுங்கள். ஒரு மாரியும் ஒரு கச்சானும் கடந்த பிறகு, உப்பும் தூசியும் எவ்வளவு வலுவைத் தின்றன என்பதை அடுத்த வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பதிவிலிருந்தே கணக்கிட்டுக்கொள்வார்கள்.